உண்மையான ஆராதனையை எங்கே கண்டீர்கள்? – அனுபவப் பகிர்வு

தேரிக்காட்டு வாசகன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன வாரம் ஒரு தம்பி, "ஆராதனை என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும் ஜெபமும்தானா?" என்று கேட்டிருந்தார். விளக்கம் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி என்கிற செம்மணல் காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். எனக்கும் என் அண்ணனுக்கும் 4 வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா இறந்தபின் பாகம் பிரித்தபோது வடகிழக்கு மூலையில் நின்ற 2 பனைகள் என் பக்கம் வந்தன. அவை அண்ணனுக்கு என்று அப்பா வாயால் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பத்திரத்தில் ஏறவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பனையேறி, அவன் பிழைப்பே பனைதான். எனக்கு மாதச் சம்பளம். ஆனாலும் அந்த இரண்டு மரத்தை விட மனசு வரவில்லை.

போதாததற்கு அவன்மேல் ஒரு குறையும் வைத்திருந்தேன்: பதநீர்க் காலம் வந்தால் ஞாயிறு காலையில் கோயிலுக்கு வராதவன். பதநீரை இறக்கிய காலையிலேயே காய்ச்சியாக வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் வெயில் ஏற ஏறக் கெட்டுப்போகும். ஞாயிறு என்று பனை சுரக்காமல் இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பிறந்ததே பனையேறி வீட்டில்தானே.

ஒரு மே மாதம், அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஞாயிறு. அன்றைக்கு வாசித்த பகுதி மத்தேயு 5. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற வசனம். நூறு தடவை கேட்டதுதான். அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை இடித்தது: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று." எனக்கு அவன்மேல் என்ன குறை என்று வசனம் கேட்கவே இல்லை. அவனுக்கு என்மேல் இருக்கிற குறையைக் கேட்கிறது. இத்தனை வருடமும் நான் அதைத் திருப்பிப் போட்டுப் படித்திருக்கிறேன்.

காணிக்கைப் பாட்டு வாசித்துக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் சுவிட்சை அணைத்தேன். பின்வாசல் வழியாக இறங்கி நடந்தேன். அண்ணன் பதநீர் காய்ச்சுகிற குடிசை, விடிலி என்போம், ஒன்றரை கிலோமீட்டர்தான் இருக்கும். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகத் தேரி மணலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது கால் முழுக்கச் செம்மண்.

உள்ளே ஒரே புகை. கொப்பரையில் கூப்பனி, அதாவது கருப்பட்டிப் பாகு, திரண்டு வரும் பதம். அந்த நேரத்தில் யாரும் கையை எடுக்க முடியாது, அடி பிடித்துவிடும். அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "கோயில் முடிஞ்சிட்டா?" என்றான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்புறம், "அந்த ரெண்டு பனை உன்னுடையதுண்ணே. அப்பா சொன்னது எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. துடுப்பை என் பக்கம் நீட்டினான். "இதப் பிடி, சிரட்டையை அடுக்கிட்டு வாரேன்." நான் கிண்டினேன். கண்ணில் வந்ததில் புகையால் வந்தது எவ்வளவு, எனக்கே வந்தது எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. மதினி ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். 4 வருடத்துக்குப் பிறகு அந்தக் கையால் வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வந்தபோது ஆசீர்வாதம் கூறி முடித்து, சபை கலைந்துவிட்டது. அந்த மாதம் எனக்குத் திருவிருந்து கிடைக்கவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் ஆராதித்த ஞாயிறு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு சகோதரன்:

அண்ணா, வாசித்து மனசு கலங்கியது. ஆனாலும் ஒரு சந்தேகம். ஆராதனை முடிந்து மதியம் போயிருக்கலாமே? திருவிருந்தை விட்டு எழுந்து போவது சரியா?

இறையியல் மாணவி:

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த வசனம் வருகிற மலைப்பிரசங்கத்தை இயேசு சொன்னது கலிலேயாவில். அங்கிருந்த யூதர்களுக்குப் பலிபீடம் எருசலேமில்தான். ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நடந்தால் மூன்று நாளாவது ஆகும். அப்படியானால் அந்த வசனத்தைக் கேட்டவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும்? பலியைக் கொண்டுபோய் எருசலேம் வரை சேர்த்தாயிற்று. அங்கே வைத்து ஊரில் இருக்கிற தம்பியின் ஞாபகம் வருகிறது. பலியை அப்படியே விட்டுவிட்டு மூன்று நாள் திரும்பி நடக்க வேண்டும், பேசி முடித்து மறுபடி மூன்று நாள் வர வேண்டும். பலி அதுவரை காத்திருக்கட்டும் என்கிறார். அண்ணாவுக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான்!

இன்னொன்று. ரோமர் 12:1இல் "புத்தியுள்ள ஆராதனை" என்று வருகிறதே, அங்கே பவுல் எழுதிய கிரேக்கச் சொல் லத்ரேயா. ஆலயப் பணிவிடைக்குச் சொல்கிற சொல் அது. அதைப் பவுல் பாட்டோடு சேர்க்காமல் சரீரத்தோடு சேர்க்கிறார். சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார். கை, கால், நேரம், எல்லாம் அதற்குள் வருகிறது. மணலில் நடந்த காலும்தான்.

நாகர்கோவில் அக்கா:

பாட்டு முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

நான் 6 வருடம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்தேன். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, சபைகளும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் கூடும். எனக்கோ வெள்ளிதான் வேலை அதிகம். மகன்கள், மருமக்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். முதல் 2 வருடம் ஒரு ஆராதனைக்கும் போக முடியவில்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் நின்று துணி தேய்ப்பேன். ஆண்கள் போடுகிற நீளமான வெள்ளை அங்கி, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு. அம்மா சொல்லிக்கொடுத்த கீர்த்தனைகளை உதட்டுக்குள்ளேயே பாடுவேன். சத்தம் வெளியே வராது. ஒரு கைக்கு ஒரு சரணம், முதுகுக்குப் பல்லவி. இப்படிக் கணக்கு வைத்துப் பாடினால் மறக்காது.

யோவான் 4ஐ எனக்கு அந்த அறைதான் விளக்கிச் சொன்னது. சமாரியர்களுக்குக் கெரிசீம் மலை, யூதர்களுக்கு எருசலேம். எது சரியான இடம் என்று ஒரு சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்கிறாள். மலையிலும் எருசலேமிலும் மாத்திரமல்ல, எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளும் காலம் வருகிறது என்கிறார் ஆண்டவர். அவள் இதை எங்கே நின்று கேட்டாள்? கோயிலில் அல்ல, கிணற்றடியில். தண்ணீர் எடுக்க வந்த இடத்தில், வேலை நேரத்தில். அதை வாசித்த அன்று தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மூன்றாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அனுமதி கிடைத்தது. தமிழ் ஆராதனைக்குப் போனேன். எல்லோரும் சத்தமாகப் பாடுகிறார்கள். எனக்குச் சத்தமே வரவில்லை. உதட்டுக்குள் பாடிப் பாடித் தொண்டை பழகிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பாட்டில்தான் குரல் வந்தது.

தேரிக்காட்டு வாசகன்:

அக்கா, 20 வருடம் கோயிலில் ஒலிபெருக்கி வைத்து வாசித்திருக்கிறேன். "முதுகுக்குப் பல்லவி" என்பதை வாசித்தபிறகு இன்று மாலை கீபோர்டைத் திறக்கவே தயக்கமாக இருந்தது.

குளச்சல் கடற்கரையான்:

நான் கத்தோலிக்கன். எங்கள் பேச்சு வழக்கில் பூசை என்போம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. அடுத்த ஞாயிறு, ஜனவரி 2, முகாமில் நடந்த பூசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் இல்லை. இருந்தவர்கள் தொடக்கப் பாட்டை எடுத்தார்கள், இரண்டு வரியில் நின்றுபோயிற்று. சாமியார் அவர்களைப் பாடச் சொல்லி வற்புறுத்தவில்லை. அமைதியாகச் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினார்.

காணிக்கை நேரத்தில் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. உடுத்திய துணிகூட நிவாரணத்தில் வந்தது. ஒரு பாட்டி எழுந்து போய் மேசைமேல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்தார். முகாமில் கொடுத்ததுதான். பிரித்து இரண்டு தின்றிருந்தார், வாயை மடித்து நூலால் கட்டியிருந்தது. சாமியார் அதை அப்பத்துக்கும் ரசத்துக்கும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

என் அக்கா 2 பிள்ளைகளை இழந்தவள். பின்னால் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அவள் ஒரு ஜெபமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை. யோபு பிள்ளைகளை இழந்த அன்றே தரையில் விழுந்து பணிந்தான், கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டான். அக்கா வந்து நின்றது ஆராதனை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தேரிக்காட்டு வாசகன்:

குளச்சல் அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேட்டவர்களுக்கு மட்டும்: எல்லைக் கல்லைச் சர்வேயரை வைத்து மாற்றிப் போட்டாயிற்று. எங்கள் குருவானவரிடமும் பேசினோம். இப்போது பதநீர்க் காலம் முடியும்வரை ஞாயிறு மாலை 7 மணிக்கு இன்னோர் ஆராதனை உண்டு. முப்பது பேர் வருகிறார்கள். அண்ணன் இரண்டாம் வரிசையில் உட்காருகிறான். குளித்துவிட்டுத்தான் வருவான். ஆனாலும் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருக்கும்.