முட்டைக்கோழிக்குப் புழுத்தூள்: சோயாவுக்கு மாற்றாகுமா?

மோகனூர்க்காரன்:
2021-ல சோயாப் புண்ணாக்கு விலை ஏறி, மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அரசு அனுமதி கொடுக்க வேண்டியதாச்சு. அதுக்கப்புறம்தான் பி.எஸ்.எஃப். புழு, அதாவது கருப்பு சிப்பாய் ஈயோட புழு வளர்க்க ஆரம்பிச்சேன். கழிவு போட்டா ரெண்டு வாரத்துல அறுவடை. காஞ்ச புழுவுல 40 சதவீதம் புரதம். என் 200 கோழிக்கும் சோயாவைப் பாதியாக் குறைச்சு நாலு மாசம் ஆச்சு, முட்டை குறையல. நாமக்கல் பண்ணைக்காரங்க ஏன் தயங்கறீங்க?

கூண்டுப்பண்ணை:
தம்பி, என்கிட்ட 50,000 கோழி. ஒண்ணுக்கு 110 கிராம்னா தினம் 5.5 டன் தீவனம். அதுல 10 சதவீதம் புழுத்தூள்னா 550 கிலோ. உயிர்ப்புழுவுல மூணுல ரெண்டு பங்கு தண்ணி. அப்போ தினம் ஒன்றரை டன்னுக்கு மேல புழு வேணும். ஐப்பசி மழையில எங்க காயவைக்கிறது? கொழுப்பு வேற மூணுல ஒரு பங்கு. சரியாக் காயாத மூட்டையைப் பிரிச்சுப் பாத்திருக்கேன், சிக்கு வாடை மூக்கைத் துளைக்குது. அதைத் தின்ன வெச்சு முட்டை விழுந்தா யார் பொறுப்பு?

கரையான்பானை:
எங்க அப்பத்தா பழைய பானையில கிழிஞ்ச சாக்கும் காஞ்ச சாணியும் திணிச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கவுத்து வெப்பாங்க. விடிஞ்சா பானை நிறைய கரையான். குஞ்சுங்க ஓடிவந்து பொறுக்கும். பூச்சி கோழிக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லிட முடியாதுங்க.

கூண்டுப்பண்ணை:
ஆகாதுன்னு நானும் சொல்லலைங்க. கட்டுப்படியாகுமாங்கறதுதான் கேள்வி.

மோகனூர்க்காரன்:
எண்ணெய் பிழிஞ்சா சிக்கு வாடை குறையும்ணா, புரதமும் 50-க்கு மேல ஏறும். ஐரோப்பாவுலயே 2021-ல கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதிச்சுட்டாங்க.

கூண்டுப்பண்ணை:
அனுமதிச்சாங்க, ஆனா அந்தப் புழுவுக்கு ஹோட்டல் மிச்சம் போடக்கூடாதுன்னு தடையும் இருக்கு. கழிவுல காட்மியம்ங்கற நச்சு உலோகம் இருந்தா புழு உடம்புல சேரும். நீ என்ன போடறே?

மோகனூர்க்காரன்:
சந்தைக் காய்கறிதான். கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் வாரத்துல ரெண்டு நாள் வருதுண்ணா. கறியும் கலந்திருக்கும். அதை இன்னிக்கே நிறுத்திடறேன். ஆனா ஒரு ஷெட்டுல 500 கோழியைத் தனியாப் பிரிச்சு, உங்க கண்ணு முன்னாடியே எடை போட்டுப் பாக்கலாமா? தூளை நான் தர்றேன்.

கூண்டுப்பண்ணை:
முதல்ல தூளை லேபுக்கு அனுப்பு. ரிசல்ட் வரட்டும், கடைசி ஷெட்டு காலியாத்தான் இருக்கு.