பழைய புல்லட்: மூன்று பாட்டில் டேங்க் கிளீனர் ஊற்றியும் ஐட்லிங் நிற்கவில்லை, நான்காவது ஊற்றலாமா?

அரவேணுவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே அரவேணுவில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். என் தந்தை 1994ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் 350 எங்களிடம் இருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் கிக்கரை உதைக்க முடியாமல் போனதால், கால் டேங்க் பெட்ரோலோடு மூன்று ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. ஆறு மாதங்களுக்கு முன் நான் டேங்கின் அடியிலிருக்கும் திறப்பானை (பெட்ரோல் காக்) திறந்து பழைய பெட்ரோலை வடித்து, புதிய பெட்ரோலும் ஆயிலும் மாற்றி ஓட்டத் தொடங்கினேன். வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் சென்று திரும்புவதுதான் அதன் முக்கியமான ஓட்டம்.

தொடக்கம் முதலே பிளக் கரி பிடித்துக்கொண்டிருந்தது. குஞ்சப்பனையைத் தாண்டி மேலே ஏறும்போது வண்டி இழுக்கத் திணறும். மேட்டுப்பாளையத்தில் உதிரிபாகம் வாங்கிய கடையில், என்ஜினுக்குள் கார்பன் அடைத்திருக்கும் என்று சொல்லி, பெட்ரோலில் கலந்து ஊற்றும் டேங்க் கிளீனர் 200 மில்லி பாட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். டேங்கில் 5 லிட்டர் பெட்ரோல் இருந்தபோது அதை முழுவதும் ஊற்றினேன். இரண்டு வாரம் வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடியது. அதன் பிறகு ஐட்லிங் நிற்கவில்லை. கைப்பிடியை விட்டால் அணைந்துவிடுகிறது. இன்னும் கார்பன் மிச்சமிருக்கிறது போலும் என்று இரண்டாவது பாட்டிலையும், கடந்த வாரம் மூன்றாவதையும் ஊற்றினேன். நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

நான்காவது பாட்டில் ஊற்ற வேண்டுமா, இந்த மருந்தே என்ஜினைக் கெடுத்துவிட்டதா, அல்லது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா? இந்த வண்டியைக் கெடுத்த பழி என் கையில் விழக்கூடாது என்ற கவலையோடு கேட்கிறேன்.

குன்னூர் பட்டறை

தம்பி, நான்காவது பாட்டிலை வாங்க வேண்டாம். ஹெட்டின் மீதும் இப்போது கை வைக்க வேண்டாம். நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஐட்லிங் நிற்காதபோது வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள், குளிரில் கிளப்பப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கைப் போட்டுக்கொண்டா? பிளக்கில் இருக்கும் கருப்பு, விரலில் தொட்டால் அடுப்புக்கரி போல உலர்ந்து ஒட்டுகிறதா, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா? பெட்ரோல் காக்கைக் கழற்றி அதன் மேலிருக்கும் சல்லடையைப் பார்த்தீர்களா? டேங்க் மூடியின் ரப்பர் எப்படி இருக்கிறது?

அரவேணுவாசி

ஐயா, பாதி சோக்கில்தான் ஓட்டுகிறேன்; சோக்கை முழுவதும் எடுத்தால் கோத்தகிரி பேருந்து நிலையத்தைக்கூடத் தாண்ட முடிவதில்லை. பிளக்கில் இருப்பது உலர்ந்த கரிதான். சல்லடையைப் பார்க்கவில்லை. மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் வண்டி வெளியில் நின்றது.

உதகை வேதியியல் ஆசிரியர்

பட்டறைக்காரர் கேட்ட கேள்விகள் சரியான இடத்தைத் தொடுகின்றன. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் திரவங்களில் பெரும்பகுதி, மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பான்தான். அதற்குள் சிறிதளவு இருக்கும் சுத்திகரிப்புப் பொருளே வேலையைச் செய்கிறது. அவற்றில் பாலிஈதர்அமீன் என்ற வகை, எரியும் அறையின் வெப்பத்தையும் தாங்கி பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் படிந்த கரியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும். பாலிஐசோபியூட்டிலின் அமீன் என்ற இன்னொரு வகை இன்டேக் வால்வைச் சுத்தமாக வைக்க உதவினாலும், எரியும் அறைக்குள் அதுவே கொஞ்சம் படிவை உண்டாக்கக்கூடும். ஆகவே பாட்டிலை வாங்கும்போது அதில் எந்தப் பொருள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எதுவுமே எழுதாத பாட்டிலை நான் வாங்குவதில்லை.

உங்கள் பாட்டிலின் லேபிளில் எத்தனை லிட்டர் பெட்ரோலுக்கு என்று போட்டிருக்கிறது? கார்களுக்கான 200 மில்லி பாட்டில் 40 லிட்டர் டேங்குக்கு என்றால், ஒரு லிட்டருக்கு 5 மில்லிதான் கணக்கு. 5 லிட்டருக்கு 25 மில்லி போதும். நீங்கள் ஊற்றியது அதைப்போல் எட்டு மடங்கு. அளவை மீறினால் சுத்தம் கூடுவதில்லை. எரியாமல் எஞ்சிய திரவம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்யும்.

இன்னொரு செய்தியும் நம் மலைக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டியது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பெட்ரோலை அதே விகிதத்தில் குறைக்காததால் கலவை கிட்டத்தட்ட 9 சதவீதம் கெட்டியாகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடிவிடும். இதற்காகத்தான் மலையில், பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போடும் வழக்கம் வந்தது. ஆனால் இப்போது நமக்குக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கலவையை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிதாக்குகிறது. ஒன்று கெட்டியாக்க, மற்றது மெலிதாக்க, மலையில் இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன. எனவே உங்கள் பிளக் கருப்பதற்கு உயரத்தை மட்டும் காரணமாகச் சொல்லி ஜெட்டை மாற்றிவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் என்ஜின் மெலிந்த கலவையில் சூடேறித் தவிக்கும்.

குன்னூர் பட்டறை

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு எனக்குப் புதியது. ஆனால் கடந்த ஓரிரு ஆண்டுகளாக நான் கண்ணால் பார்ப்பதோடு அது பொருந்துகிறது. முன்பு மேலே வரும் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் ஜெட் குறைப்பேன். இப்போது குறைத்தால் சில வண்டிகள் சோக் இல்லாமல் எழுந்திருப்பதே இல்லை.

தம்பி, உங்கள் வண்டியில் நடந்தது இதுவாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் நின்ற பெட்ரோல் ஆவியாகி, டேங்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தேன் நிறத்தில் பிசினாகப் படிந்திருக்கும். காக் வழியாக வடித்தால் திரவம்தான் வரும். பிசினும் துருவும் அங்கேயே இருக்கும். முதல் பாட்டில் அந்தப் பிசினைக் கரைத்தது, மெயின் ஜெட்டில் ஒட்டியிருந்ததும் கரைந்தது, அதனால் இரண்டு வாரம் வண்டி நன்றாக இழுத்தது. ஆனால் பிசின் பிடித்து வைத்திருந்த துருவும் அப்போதுதான் கிளம்பியது. கிளம்பியது எங்கே போகும்? சல்லடை கிழிந்திருந்தால் நேரே கிண்ணத்துக்கு வந்து, எல்லாவற்றிலும் குறுகலான பைலட் ஜெட்டில் போய் உட்காரும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுப்பது அந்த ஜெட்தான். அது அடைந்ததால் நீங்கள் சோக் போட்டீர்கள். சோக்கினால் பிளக் மேலும் கருத்தது. கருத்த பிளக்கைப் பார்த்து இன்னொரு பாட்டில் ஊற்றினீர்கள். அடைபட்ட துளைக்குள் பெட்ரோலே ஓடாதபோது, பெட்ரோலில் கலந்த மருந்து அதற்குள் எப்படிப் போகும்? ஓடுகிற வழியில் மட்டும்தான் அது வேலை செய்யும்.

இனி செய்ய வேண்டியது. டேங்கைக் கழற்றி, உள்ளிருக்கும் பெட்ரோல் முழுவதையும் ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கலங்கலாகத் தனிப் படலம் தெரிந்தால் அது தண்ணீர். அதை எந்த மருந்தாலும் போக்க முயல வேண்டாம், கொட்டிவிடுங்கள். காக்கைக் கழற்றிச் சல்லடையை மாற்றுங்கள். டேங்கை நல்ல பெட்ரோலால் மூன்று முறை குலுக்கிக் கழுவுங்கள்; ஆசிட் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், பழைய டேங்கின் தகடுகள் இணையும் இடங்களில் ஓட்டை விழும். பிறகு கார்புரேட்டரைத் திறந்து பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எஃகுக் கம்பியோ ஊசியோ விடக்கூடாது, துளை பெரிதாகிவிடும். மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும், அதன் பிறகு காற்றடிக்க வேண்டும். சோக் பிளஞ்சரின் அடியிலிருக்கும் சிறு ரப்பரையும் பாருங்கள். அது உப்பியிருந்தால் சோக்கை எடுத்த பிறகும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். ஐட்லிங் கலவைக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். என்ஜின் நன்கு சூடான பிறகு, ஐட்லிங் எந்த இடத்தில் அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பெட்ரோல் கலந்த ஆயிலில் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பிளக்கின் தீப்பொறிக்கான கான்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கிறதா என்றும், குளிர்ந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் புஷ்ராட் தண்டுகள் இரண்டும் விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அவை சுழலாத அளவுக்கு டேப்பெட் இறுகியிருப்பதைக் கார்பன் என்று நினைத்து மருந்து ஊற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூம்பாறை ஆர்எக்ஸ்

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் டேங்கில் கிளீனர் ஊற்றப் புறப்பட்டுவிடக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எண்ணெய் கிடைப்பது, கிராங்க் கேஸ் வழியாகப் போகும் கலவையிலிருந்துதான். அந்தக் கலவையில் கரைப்பானை அளவு மீறிச் சேர்த்தால் எண்ணெய்ப் படலமே மெலிந்துவிடும். மேலும் அந்த வண்டிகளில் கரி சேரும் முக்கியமான இடங்கள் எக்ஸாஸ்ட் போர்ட்டும் சைலன்சரும். அங்கே கெட்டியாகிப் போன கரியைச் சுரண்டித்தான் எடுக்க முடியும். நான் என் வண்டியின் சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிளைக் கழற்றிச் சுத்தம் செய்த அன்று, அதே பெருமாள்மலை ஏற்றத்தில் ஒரு கியர் கூடுதலாகப் போட்டு ஏற முடிந்தது.

ஒரு சந்தேகம்: முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்துக்கு மாற்றாகப் பழைய என்ஜின்களுக்கு ஒரு மருந்து விற்கிறார்களே, அது தேவையா?

உதகை வேதியியல் ஆசிரியர்

தேவையில்லை. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல். கால் நூற்றாண்டாக அதிலேயே ஓடும் வண்டிக்கு இப்போது புதிதாக எதுவும் நேரப்போவதில்லை. ஆக்டேன் கூட்டும் மருந்தும் அப்படித்தான். குறைந்த அழுத்தத்தில் ஓடும் இந்தப் பழைய என்ஜின்களுக்கு அதனால் ஆதாயம் கிடையாது. தண்ணீர் நீக்கி என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் ஆல்கஹால்தான் இருக்கும்; நம் பெட்ரோலில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு அதுதானே.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க விரும்புவோருக்கு ஓர் எளிய சோதனை. அளவுக் கோடு போட்ட 100 மில்லிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் எடுத்து, மூடிக் குலுக்கி, நிற்க விடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ்ப் படலம் 28 மில்லிக்கு அருகில் வந்தால் அது 20 சதவீதக் கலவை. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மூடுபனியும் மழையும் நிறைந்த ஊரில் அரை டேங்கோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே விளங்கும்: எத்தனால் ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும், குளிர் கூடக்கூட அந்த அளவு குறையும், ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து, காக் இருக்கும் அடிப்பகுதிக்கு வந்துவிடும்.

அரவேணுவாசி

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வேலையில்தான் இருந்தேன். ஜாடியில் வடித்த பெட்ரோலின் அடியில் கட்டைவிரல் பருமனுக்குக் கலங்கல் படலம் நின்றது. அதற்கும் கீழே தேயிலைத் தூள் போலத் துருச் செதில்கள். சல்லடை ஒரு பக்கம் முழுவதும் கிழிந்திருந்தது. பைலட் ஜெட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன், வெளிச்சமே தெரியவில்லை. செம்பு இழையால் மூன்று முறை விட்டுக் காற்றடித்த பிறகுதான் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சோக் ரப்பரும் உப்பித்தான் இருந்தது. புதியது வாங்கிப் போட்டேன். மூடிக்கும் புது ரப்பர். வடித்த ஆயிலில் பெட்ரோல் வாடை பலமாக அடித்தது. லேபிளையும் இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஆசிரியர் சொன்னபடியே 40 லிட்டருக்கு ஒரு பாட்டில் என்றுதான் போட்டிருக்கிறது.

இன்று காலை மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்பி ஏறினேன். சோக் இல்லாமலேயே குஞ்சப்பனை தாண்டி வந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. வாசலில் வண்டியை அணைக்காமல் விட்டேன். தந்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஆசையில் நான்காவது பாட்டிலையும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். பாலிஈதர்அமீன் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை எறிந்துவிடட்டுமா?

குன்னூர் பட்டறை

எறிய வேண்டாம். இப்போது டேங்க் சுத்தம், வழியும் சுத்தம்; இனிதான் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யும். இப்போது போட்ட ஆயிலில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி முடியுங்கள். அடுத்த ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி போடாத சிரிஞ்சால் லிட்டருக்கு 5 மில்லி என்று அளந்து விடுங்கள். கடைத்தெருவில் உருட்டாமல், மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் நீண்ட ஓட்டத்தில் அந்தப் பெட்ரோலைத் தீருங்கள். என்ஜின் சூடாக உழைக்கும்போதுதான் கரி தளரும். தீர்ந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த நேர்ந்தால் காக்கை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும் வரை ஓட விடுங்கள்.