24 வயதில் 121 கோல்: என் ஸ்ட்ரைக்கர் கிரீவ்ஸின் 357-ஐத் தாண்டுவானா? கணக்கு மூன்று விதமாக வருகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஃபுட்பால் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் கேமில் ரொம்ப நாளாக ஒரே சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) ஓட்டுகிறேன். அகாடமியில் இருந்து வந்த நியூஜென் (கேமே உருவாக்கிய கற்பனை ஆட்டக்காரன்) ஸ்ட்ரைக்கர் ஒருவன் 18 வயதில் பிரீமியர் லீக்கில் இறங்கினான், இப்போது 24. லீக் கோல்கள் மட்டும் சீசன் வாரியாக 4, 11, 19, 27, 31, 29. மொத்தம் 121. பிரீமியர் லீக் சாதனையான ஆலன் ஷியரரின் 260, அப்புறம் இங்கிலாந்தின் முதல்தர லீக் சாதனையான ஜிம்மி கிரீவ்ஸின் 357, இரண்டையும் தாண்டுவானா என்று 35 வயது வரை கணக்கு போடுகிறேன்.

எக்செல்லில் ஃபோர்காஸ்ட் ஃபார்முலா போட்டால் 35 வயது சீசனில் மட்டும் 100 கோல், மொத்தம் 959 என்கிறது. 38 ஆட்டத்தில் அது நடக்காது. கடைசி சீசனின் 29-ஐ அப்படியே இன்னும் 12 சீசனுக்கு நீட்டினால் 469. ஆறு சீசன் சராசரியை வைத்தால் 363. மூன்றுமே கிரீவ்ஸைத் தாண்டுகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. எதை நம்புவது? போன சீசன் 2 கோல் குறைந்ததும் கவலையாக இருக்கிறது. புது ஒப்பந்தத்துக்குப் பெரிய சம்பளம் கேட்கிறான், முடிவெடுக்க வேண்டும்.

பதில் 1:
ஃபோர்காஸ்ட் நேர்கோடு போடும், அவ்வளவுதான். 18-இல் இருந்து 22 வரை பையன் வளர்ந்த வேகத்தை அது ஆயுள் முழுக்க நீட்டிவிடுகிறது. 363 வந்த சராசரிக் கணக்கில் உல்டா: பெஞ்சில் இருந்து வந்து 4 கோல் அடித்த சீசனும் 31 அடித்த சீசனும் சமம் ஆகிவிட்டன. இரண்டையும் விடுங்கள். கடைசி மூன்று சீசனுக்கு ஆடிய நிமிடங்களும், கோல்களில் எத்தனை பெனால்டி என்பதும் வேண்டும், போடுங்கள்.

கேட்டவர்:
21 வயது: 2,610 நிமிடம், 27 கோல், 2 பெனால்டி.
22 வயது: 3,060 நிமிடம், 31 கோல், 5 பெனால்டி.
23 வயது: 2,700 நிமிடம், 29 கோல், 8 பெனால்டி. தொடைத்தசைக் காயத்தில் சில வாரம் வெளியே இருந்தான்.

பதில் 1:
இப்போது பாருங்கள். 90 நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டால் 0.93, 0.91, 0.97. போன சீசன் வேகம் குறையவே இல்லை, நிமிடம்தான் குறைந்தது. ஆனால் பெனால்டியைக் கழித்துப் பாருங்கள்: 0.86, 0.76, 0.70. நான் கவலைப்படுவது இதற்குத்தான். உங்கள் கிளப் பெரிதாகப் பெரிதாக எதிரணிகள் பின்னால் இறங்கி அடைத்துக்கொண்டு ஆடுகின்றன, ஓட இடம் கிடைப்பதில்லை, அந்தக் குறையைப் பெனால்டி மூடிக்கொண்டிருக்கிறது. பெனால்டி பொறுப்பு வேறு ஒருவரிடம் போனால் உங்கள் கணக்கு மொத்தமும் மாறும்.

பதில் 2:
பேஸ்பால் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸ் இதே கேள்விக்கு ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார், இங்கேயும் ஓரளவு ஒத்துவரும். கடைசி சீசனுக்கு 3 பங்கு, அதற்கு முந்தையதற்கு 2, அதற்கும் முந்தையதற்கு 1: (3×29 + 2×31 + 27) ÷ 6 = 29.3. இதை மீதமுள்ள முழு சீசன்களால் பெருக்க வேண்டும். அவருடைய ஃபார்முலாவில் 24 வயதுக்காரனுக்கு 9.6 சீசன் வரும், அது பேஸ்பாலுக்கு. வேகத்தை நம்பி ஆடும் ஸ்ட்ரைக்கருக்கு நான் 7 தருவேன், காயத்தில் போகும் மாதங்கள், 31 வயதுக்கு மேல் பாதி ஆட்டம், எல்லாம் அதில் அடங்கிவிடும். 29.3 × 7 = 205, ஆக மொத்தம் 326.

வாய்ப்புக்கு, வரப்போகும் கோலைத் தேவையான கோலால் வகுத்து 0.5 கழிக்க வேண்டும். ஷியரரைத் தாண்ட 140 வேண்டும்: 97 சதவீதம். கிரீவ்ஸைத் தாண்ட 237 வேண்டும்: 37 சதவீதம். பெனால்டி இல்லாமல் அதே கணக்கு போட்டால் ஷியரர் 67, கிரீவ்ஸ் 19.

பதில் 3:
அந்த 97-ஐ நான் ஏற்கமாட்டேன், நிஜத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மைக்கேல் ஓவன் 2004-இல் லிவர்பூலை விட்டுப் போகும்போது வயது 24, பிரீமியர் லீக் கோல் 118. உங்கள் பையன் நிற்கும் இடம் கிட்டத்தட்ட அதேதான். ஓவன் முடித்தது 150-இல். 1999-இல் லீட்ஸில் தொடைத்தசை கிழிந்தது 19 வயதில், 2006 உலகக் கோப்பையில் முழங்கால். கோல் அடிக்கும் திறமைக்கு ஒன்றும் ஆகவில்லை, களத்தில் நிற்கத்தான் உடம்பு விடவில்லை.

ஷியரரையே எடுங்கள். பிளாக்பர்னில் 138 ஆட்டத்தில் 112 கோல். 1996-இல் நியூகாசில் போனார், அங்கே 303 ஆட்டம். பிளாக்பர்ன் வேகத்திலேயே தொடர்ந்திருந்தால் மொத்தம் 358 வந்திருக்கும், கிரீவ்ஸைவிட ஒன்று கூட. நிஜத்தில் நியூகாசிலில் அடித்தது 148. 1997-இல் கணுக்கால் போய் அந்த சீசனில் 17 லீக் ஆட்டம், 2 கோல்தான். அத்தனை பெரிய ஆட்டக்காரருக்கே இளவயதுக் கணக்கு 98 கோல் அதிகம் காட்டுகிறது.

இன்னொன்று, ஒப்பீடும் ஒரே அளவுகோலில் இல்லை. 260 என்பது 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு மட்டும். சவுதாம்ப்டனில் அதற்கு முன், அப்போதைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் அடித்த 23-ஐயும் சேர்த்தால் ஷியரர் 283. கிரீவ்ஸின் 357 முழுக்கப் பழைய முதல் டிவிஷனில், 516 ஆட்டத்தில், 17 வயதில் தொடங்கி 31 வயதுக்குள். நடுவில் இத்தாலியின் மிலானில் அடித்தது இதில் சேராது. அதனால் 35 வயது வரை நீட்டுவதைவிட அடுத்த ஏழு வருடம் எத்தனை நிமிடம் ஆடுவான் என்று பாருங்கள், முடிவு அங்கேதான் இருக்கிறது.

பதில் 4:
சேவ் கையில் இருக்கும்போது இவ்வளவு ஊகம் எதற்கு? ஃபைலை நகல் எடுத்து ஒவ்வொரு நகலையும் ஹாலிடேயில் (நீங்கள் தலையிடாமல் கேம் தானாக ஓடும் வசதி) பத்து வருடம் ஓட விடுங்கள், உங்கள் டாக்டிக்ஸையே பயன்படுத்தச் சொல்லுங்கள், அவனை வாங்க வேறு கிளப்புகள் அனுப்பும் ஏலங்களை நிராகரிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஓட்டத்தை நம்பாதீர்கள், பல ஓட்டங்களில் கோல் எங்கிருந்து எங்கே வரை விரிகிறது என்று பாருங்கள். அப்புறம் அவனுடைய நேச்சுரல் ஃபிட்னஸ் எவ்வளவு? முப்பது வயதுக்கு மேல் வேகம் போன்ற உடல் அட்ரிபியூட்டுகள் (திறன் எண்கள்) எவ்வளவு சீக்கிரம் சரியும் என்பது அதைப் பொறுத்தது. அடிக்கடி காயப்படும் உடம்பா என்பது மறைந்திருக்கும், கோச் ரிப்போர்ட்டில் ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேச்சுரல் ஃபிட்னஸ் 20-க்கு 16, கோச் ரிப்போர்ட்டில் காயம் பற்றி எதுவும் இல்லை. நகல்களை ஓடவிட்டேன். பெரும்பாலானவற்றில் 270-க்கும் 330-க்கும் நடுவே நிற்கிறான். ஒன்றில் மட்டும் 361, அதில் 33 வயது வரை அவன்தான் பெனால்டி எடுக்கிறான். மிகக் குறைந்தது 204. அதில் காயமே இல்லை, 27 வயதில் ரிலீஸ் கிளாஸை (ஒப்பந்தத்தில் எழுதிய தொகையைக் கட்டினால் ஆட்டக்காரனை விட்டாக வேண்டும் என்ற விதி) கட்டி ஸ்பெயின் கிளப் ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பதில் 3:
ஏலத்தை நிராகரிக்கலாம், ரிலீஸ் கிளாஸைக் கட்டினால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஹாரி கேன் 213-இல் நிற்கும்போது ஜெர்மனியின் பேயர்னுக்குப் போனார், 2023-இல், ஷியரருக்கு இன்னும் 47 பாக்கி. கேட்ட சம்பளத்தைக் கொடுங்கள், அந்தக் கிளாஸை எடுத்துவிடச் சொல்லிப் பேரம் பேசுங்கள். கோப்பை ஆட்டங்களில் அவனுக்கு ஓய்வு கொடுங்கள், லீக் நிமிடம்தான் உங்களுக்கு முக்கியம்.

கேட்டவர்:
கிளாஸ் இல்லாமல் 5 வருடத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன், சம்பளம் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. பெனால்டி பட்டியலில் அவனே முதல். ஷீட்டில் கோல் பத்தியை எடுத்துவிட்டு நிமிடப் பத்தி போட்டிருக்கிறேன், சீசன் முடிந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன்.