நில மாதிரியின் ஓரங்கள் வளைந்துவிடுகின்றன: ஆலோசனை தேவை

வணக்கம். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவியாகிய நான், சரிவான நிலத்தில் அமையும் ஒரு சிறு நூலகத்தின் மாதிரியை 1:200 அளவில் செய்துவருகிறேன். ஒரு மீட்டர் உயர இடைவெளியுள்ள சமஉயரக் கோடுகளை (நிலத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) 5 மி.மீ. தடிமனுள்ள அட்டையில் வெட்டி, படிப்படியாக அடுக்கி, வெள்ளைப் பசையால் ஒட்டியபோது, பசையின் ஈரத்தை அட்டை உறிஞ்சிக்கொண்டதால் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்துவிட்டன. ஓர் இரவு முழுவதும் பாரம் வைத்து அழுத்தியும் பயனில்லை. கரைப்பான் கலந்த பசைக்கு மாறலாம் என்றால், சுவர்களுக்கு எடுத்திருக்கும் ஃபோம் போர்டில் இரு தாள்களுக்கு நடுவிலுள்ள பாலிஸ்டைரீன் நுரையை அது கரைத்துவிடுகிறது (ஒரு துண்டை வீணாக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்). நிலத்தை மட்டும் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டினால் உறுதியாக நிற்குமா, அல்லது அடியில் ஒட்டுப்பலகை கொடுப்பதே முறையா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.