ஆற்று ஸ்மால்மவுத் பாஸ்: ஃப்ளையில் மாட்டியதும் மாட்டாததும்

ஹாரிஸ்பர்க்காரன்

ஃப்ளை (இறகும் நூலும் கொக்கியில் கட்டிய பொய்ப் பூச்சி) எறிந்து மீன் பிடிக்கிற நம் கூட்டத்தில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனின் கதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள், அதனால் நான் ஸ்மால்மவுத் பாஸ் என்கிற ஆற்று மீன் பக்கம் வருகிறேன். ஜூலை பிறந்துவிட்டால் பென்சில்வேனியாவின் சின்ன ஓடைகளில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ட்ரவுட்டைப் பிடித்து, பத்திரமாகவே திரும்ப விட்டாலும் அது பிழைக்குமா என்பது சந்தேகம். மனசாட்சி உள்ளவர்கள் தூண்டில் கோலைக் கழற்றி வைத்துவிடுவார்கள். நான் அப்போதுதான் சஸ்குவஹானா ஆற்றில் இறங்குவேன். ஹாரிஸ்பர்க் பக்கம் ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலம், ஆனால் கோடையில் பாதி இடத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ராக்வில் ரயில் பாலம் தெரிந்திருக்கும், 1902-இல் கட்டியது, 48 கல் வளைவுகள், இன்றும் சரக்கு ரயில் அதன் மேல் போகிறது. அந்தப் பகுதியில் ஆற்றுக்குக் குறுக்கே பாறை வரிசை வரிசையாக ஓடும். தண்ணீர் பாறையில் ஏறி விழுந்த பிறகு வேகத் தண்ணீரும் சும்மா கிடக்கிற தண்ணீரும் உரசுகிற கோடு ஒன்று தெரியும் பாருங்கள், மீன் அந்தக் கோட்டில்தான் நிற்கும். மற்ற இடத்தில் எறிவதெல்லாம் கைக்கு உடற்பயிற்சி.

நான் சொல்ல வந்தது ஒரு ஆகஸ்ட் மாலை. இங்கே அந்த மாதத்தில் வெள்ளை ஈ கிளம்பும். மேஃப்ளை வகைதான், நம் ஊர் ஈசல் கிளம்புகிற மாதிரியே, இருட்டும் நேரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரே வெள்ளை. அந்த ராத்திரியே எல்லாம் செத்தும் போய்விடும். மேஃப்ளைக் கூட்டம் என்றால் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள், 2015-இல் கொலம்பியாவுக்கும் ரைட்ஸ்வில்லுக்கும் நடுவே உள்ள பாலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து குவிந்து, சாலை வழுக்கி, மோட்டார் சைக்கிள்கள் சறுக்கி விழுந்து, பாலத்தையே மூட வேண்டியதாகிவிட்டது.

இந்த நேரத்தில் எதை எறிந்தாலும் கடிக்கும் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயிரக்கணக்கில் நிஜ ஈ மிதந்து வரும்போது உங்கள் ஈயைத் தேடிப்பிடித்துத் தின்ன மீனுக்கு என்ன தலையெழுத்து? அன்று பாறைக்குக் கீழே ஒரு மீன் ஒரே இடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் சளப் சளப் என்று சத்தம் போட, இது சத்தமே இல்லாமல் மூக்கை மட்டும் நீட்டி உறிஞ்சிவிட்டு இறங்கும், பிறகு முதுகுத் துடுப்பு தெரியும், பிறகு வால் நுனி. மூக்குக்கும் வாலுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்ததுமே கை கொஞ்சம் நடுங்கியது, உண்மை. வெள்ளை ஈ மாதிரியே கட்டிய ஃப்ளை அதன் தலைக்கு மேலேயே எத்தனையோ முறை மிதந்து போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் அதை வெட்டிவிட்டு, இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை பாப்பர் (மிதந்து, இழுத்தால் சத்தம் போடுகிற ஃப்ளை) கட்டி, அந்த மீனுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, ஒரே ஒரு தடவை 'பொளக்'. கூட்டத்தில் தனியாகத் தெரிகிற ஒன்று என்றால் அதற்கும் ஆசை வரும் போலிருக்கிறது. வந்து அடித்தது, மூன்று முறை தண்ணீரை விட்டு எகிறியது, கடைசியில் கைக்கு வந்தபோது 19 அங்குலம். ஆற்றில் ஒரு ஸ்மால்மவுத் அந்த அளவு வளர ஏறக்குறைய பத்து வருஷம் ஆகலாம், அதனால் அளந்த கையோடு விட்டுவிட்டேன். விடத்தான் வேண்டும் என்பது வேறு விஷயம், சஸ்குவஹானாவின் இந்தப் பகுதியில் பாஸை எடுத்துப்போக அனுமதி இல்லை. 2005-இல் குஞ்சு மீன்கள் நோய் வந்து கொத்துக் கொத்தாகச் செத்ததிலிருந்து ஆறு பட்ட பாடு கொஞ்சமில்லை, 2011-இல் அந்தச் சட்டம் வந்தது.

மற்றவர்களும் எழுதுங்கள். பெரிய மீன்தான் வேண்டும் என்றில்லை, தப்பிப்போனதும் கணக்குத்தான்.

கிராண்ட் ஆற்றுக்காரன், ரொறன்ரோ

அண்ணை, அந்த மூக்கை நீட்டி உறிஞ்சுகிற மீன் கதை அப்படியே கண்ணுக்கு முன்னால் நிற்குது. எங்கட பக்கம் கிராண்ட் ஆறு. ஸ்கார்பரோவிலிருந்து விடிய முதல் வெளிக்கிட்டால் ட்ராஃபிக் இல்லாமல் பாரிஸ் என்கிற சின்ன ஊருக்குப் போய்ச் சேரலாம் (பிரான்ஸ் இல்லை, ஒன்ராறியோ). ஆற்றின் மேற்பகுதியில், ஷாண்ட் அணைக்குக் கீழே ஃபேர்கஸ் பக்கம், அடித்தண்ணீர் குளிர்ச்சியாக வருவதால் பிரவுண் ட்ரவுட். கீழே பாரிஸிலிருந்து பிரான்ட்ஃபோர்ட் வரை பாஸ் ராச்சியம்.

பாஸ் சீசன் இங்கே ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும், ஏன் என்று புதிதாக வருகிற பெடியள் கேட்பார்கள். தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டத் தொடங்க, ஆண் மீன் கரையோரம் சரளைக் கல்லில் வாலால் அடித்து ஒரு வட்டம் துப்புரவாக்கும், தட்டு மாதிரி. பெண் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு முழுக்க ஆணின் வேலைதான். முட்டைக்கு மேல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கிட்ட வருகிற எதையும் கலைக்கும், குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாளைக்கு விட்டுப் போகாது. அந்த நேரம் எதை எறிந்தாலும் அது பசியில் கடிப்பதில்லை, கோபத்தில் கடிக்கிறது. அதைத் தூக்கி ஒரு படம் எடுக்கிற நேரத்துக்குள் சின்ன மீன்கள் வந்து முட்டையைத் துடைத்துவிடும். சீசனுக்கு முன்னால், வேறு மீனுக்கு எறிகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த வட்டங்களுக்கு மேலேயே எறிகிற ஆட்களை ஆற்றில் காணுகிறேன். அவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. கண்ணில் கண்டால் சொல்லிவிடுவேன், ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

சரி, என் கதை. போன ஆடி மாதம், வெயில் ஏறிய பிறகு, ஒரு மடுவின் நிழல் பக்கம். மேலே நீல ஊசித்தட்டான்கள் புல் நுனியில் இருப்பதும் பறப்பதுமாக இருந்தன. பாஸ் சில வேளை அதைப் பிடிக்கத் தண்ணீரை விட்டே பாயும். நான் நீலத்தில் ஒரு சின்ன பொப்பர் போட்டேன். விழுந்ததும் வட்டம் வட்டமாக அலை பரவியது. அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பி வந்து, பொப்பருக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, எல்லாம் தெரிகிறது. வெண்கல நிற உடம்பு, குறுக்கே கறுத்த பட்டைகள், சிவந்த கண். பக்கத் துடுப்பு இரண்டும் மெல்ல மெல்ல ஆடுகிறது. பார்க்கிறது. நானும் பார்க்கிறேன். விரல் லைனை இழு இழு என்று துடிக்குது, இழுக்கவில்லை. பொப்பரின் ரப்பர் கால்கள் மட்டும் தானாக நடுங்கிக்கொண்டிருந்தன. மீனின் பட்டைகள் கறுத்துக்கொண்டு வந்தன. இதை முந்தியும் கவனித்திருக்கிறேன், உணர்ச்சி ஏற ஏற நிறம் மாறும். பிறகு அது ஒரு அங்குலம் மேலே வந்தது. வாயைத் திறந்தது. நான் கோலை உயர்த்தாமல் இடக்கையால் லைனை ஒரே இழுவையாக இழுத்தேன், இறுகியது. அரை நிமிஷம்கூட இல்லை, நேரே ஒரு மரக்கட்டைக்குள் புகுந்து தங்கூசியை (ஃப்ளை கட்டுகிற நைலான் இழை) அறுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது அங்கே நின்று பார்த்த நேரம் இருக்கே, பிடித்த மீன் எதுவும் எனக்கு அதைத் தந்ததில்லை.

பொட்டோமாக் அக்கா

தம்பி, கண்ணைப் பற்றிச் சொன்னாய் பார், அதுதான் ஸ்மால்மவுத். லார்ஜ்மவுத்துக்கு வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், இதற்குக் கண்ணோடு நின்றுவிடும், அவ்வளவுதான் அடையாளம். குணத்தில் இரண்டும் வேறு ஜாதி.

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். எங்கள் பொட்டோமாக் ஆற்றுக்கு இந்த மீன் எப்படி வந்தது தெரியுமா? ரயிலில். 1854-இல் வீலிங் க்ரீக்கில் பிடித்த சில மீன்களை நீராவி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, கம்பர்லாண்டுக்குக் கொண்டுவந்து கால்வாயில் விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஆற்றுக்குள் இறங்கிப் பெருகியதுதான் இப்போது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலும் பாயிண்ட் ஆஃப் ராக்ஸிலும் நம் கோலை வளைக்கிறது. சஸ்குவஹானாவுக்கும் பிறகுதான் வந்தது. இவ்வளவு பேர் 'எங்கள் மீன்' என்று உரிமை கொண்டாடுகிறோம், அதுவும் நம்மைப் போல வந்தேறிதான்.

என் அனுபவம் 2021, சில்வண்டு வருஷம். பதினேழு வருஷம் மரத்தின் வேரில் மண்ணுக்குள் கிடந்துவிட்டு மே மாதத்தில் ஒன்றாக வெளியே வருமே, அந்தக் கூட்டம். ஊரில் கேட்கிற சில்வண்டுச் சத்தம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, காரில் கண்ணாடியை ஏற்றினால்தான் பேச முடியும். ஆற்றோர மரத்திலிருந்து தண்ணீரில் விழுந்தால் அதற்கு நீந்தத் தெரியாது, ஆரஞ்சு நரம்போடிய சிறகை அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கிடக்கும். முதல் சில நாள் மீன் சந்தேகத்தோடு பார்த்தது. ருசி பிடித்த பிறகு பார்க்க வேண்டுமே! கெண்டை கூட மேலே வந்து வாயைப் பிளந்தது, கெளுத்தி கூட.

நான் கறுப்பு நுரைத் துண்டில் ஆரஞ்சு நூல் சுற்றிக் கட்டியதை, சாய்ந்திருந்த ஒரு சிக்கமோர் மரத்தின் கிளைக்குக் கீழே போட்டேன். இங்கே ஒரு சூட்சுமம்: மெதுவாக, நாசூக்காகப் போடக் கூடாது. தொப்பென்று விழ வேண்டும், மரத்திலிருந்து விழுகிறது மாதிரி. ட்ரவுட்டில் ஊறிய என் தோழி ஒருத்தி பூப்போல இறக்கி இறக்கி ஒன்றும் கிடைக்காமல் கடுப்பாகிவிட்டாள், கையைப் பிடித்துத் தொப்பென்று போட வைத்தேன், அடுத்த நிமிடம் மீன். ஒரே இடத்தைக் குறிவைத்தும் நிற்க வேண்டாம், பழைய மரம் இருக்கிற கரைக்குக் கீழேதான் வண்டு இருக்கும், புதிதாக மண்ணை வெட்டி வீடு கட்டிய பக்கம் ஒன்றுகூட இருக்காது. அந்தக் கூட்டம் மறுபடி வருவது 2038-இல். முட்டி ஒத்துழைத்தால் நான் இருப்பேன்.

அரிசோனாவிலிருந்து ஒரு வார்த்தை

எல்லாரும் விட்டுவிடு விட்டுவிடு என்கிறீர்கள். எங்கள் பக்கம் தலைகீழ். க்ளென் கேன்யன் அணைக்குக் கீழே கொலராடோ ஆற்றில் 2022-இல் ஸ்மால்மவுத் குஞ்சுகள் கிடைத்தன, அதாவது அங்கேயே இனம் பெருக்க ஆரம்பித்துவிட்டது. அணைக்கு மேலே உள்ள ஏரியின் நீர்மட்டம் இறங்கியதும் மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீர் அணைக் குழாய் வழியாக வந்தது, மீனும் கூடவே வந்துவிட்டது. கீழே கிராண்ட் கேன்யனில் ஹம்ப்பேக் சப் என்கிற மீன், உலகத்தில் வேறெங்கும் இல்லாத, கொலராடோ ஆற்றுப் படுகைக்கே உரிய இனம், அதைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அணைக்குக் கீழே உள்ள லீஸ் ஃபெர்ரியில் ஸ்மால்மவுத் மாட்டினால் திரும்ப விடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். நான் அங்கே ட்ரவுட்டுக்காக எறிந்த ஃப்ளையில் ஒன்று மாட்டியது, கொழுத்த மீன், அருமையாகச் சண்டை போட்டது. மஞ்சள், மிளகாய்த் தூள் போட்டு வறுத்துச் சாப்பிட்டோம். நல்ல வெள்ளைச் சதை, முள் குறைவு.

ஹாரிஸ்பர்க்காரன்

அரிசோனாக்காரரே, வறுத்ததை இவ்வளவு விலாவாரியாக எழுதியிருக்க வேண்டாம், இங்கே நாங்கள் வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறோம். ஆனால் நீங்கள் செய்தது சரி, அக்கா சொன்ன ரயில் கதையோடு சேர்த்துப் பார்த்தால் புரிகிறது. 1854-இல் யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கனடாத் தம்பி, அந்த மரக்கட்டைக்குள் போன மீனுக்கு என்ன தங்கூசி போட்டிருந்தீர்கள்? நீல பொப்பர் சின்னது என்கிறீர்கள், ஆறு பவுண்டு இழுவை தாங்குவதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பாப்பருக்கு நான் 10 பவுண்டுக்குக் குறைந்து கட்டுவதில்லை, கட்டை கிடக்கிற இடம் என்றால் 12. ஸ்மால்மவுத் ட்ரவுட் மாதிரி தங்கூசியின் கனத்தைப் பார்த்து மிரளாது. கோல் 7 நம்பர் (நம்பர் கூடக் கூட வலுவான கோல்), காற்று இருந்தால் 8.

தனிச்செய்தியில் ஒருவர் க்ளவுசர் மின்னோ என்கிற, அடியில் இறங்குகிற ஃப்ளையை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருந்தார். அது பிறந்ததே இந்த ஆற்றுக்காகத்தான், பாப் க்ளவுசர் இங்கே மிடில்டவுனில் கடை வைத்திருந்தவர், 1980-களில் ஸ்மால்மவுத்துக்காகக் கட்டியது. தலையில் ஈயக் கண் இரண்டு இருப்பதால் இழுத்தால் முன்னே பாயும், விட்டால் தலைகுப்புற இறங்கும். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடிக்கும். அதனால் லைன் தொய்ந்து கிடக்க விடாதீர்கள், இழுத்து நிறுத்தியதும் லைன் நுனியில் கண்ணை வையுங்கள், லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுதான் கடி. தண்ணீர் 15-க்குக் கீழே போனதும், அக்டோபர் வாக்கில், பாப்பரையெல்லாம் டப்பாவில் போட்டுவிட்டு இதையே அடியில் இன்னும் மெதுவாக ஓட்டுங்கள். நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் ஒரு உருவமாக இருக்குமே, கிரேஃபிஷ், அது மாதிரி பழுப்பும் ஆரஞ்சும் கலந்து கட்டியிருந்தால் இன்னும் நல்லது. கல்லுக்குக் கீழே அதைத் தேடித்தான் அது திரிகிறது.

ஆற்றுக்குள் கால் வைக்கும்போது ஊன்றுகோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சஸ்குவஹானாக் கல் எண்ணெய் தேய்த்தது போல வழுக்கும். அடுத்த சனிக்கிழமை ஆற்றின் நீர்மட்ட அளவுமானியில் தண்ணீர் இறங்கினால் நான் இறங்குகிறேன், மேரிலாந்திலிருந்து யாராவது வருவதானால் சொல்லுங்கள். காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.