கனடியப் பல் பராமரிப்புத் திட்டம்: வேலைத்தலக் காப்புறுதி இருப்பதாலேயே விலக்கப்படுவது நியாயமா?

ஸ்காபரோவாசி கேட்கிறார்:
வணக்கம். என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலை பல் காப்புறுதி தருகிறது. ஆனால் அது ஆண்டுக்குச் சில நூறு டொலரோடு நின்றுவிடுவதால், ரூட் கனால் செய்ய வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று அவர் யோசிக்கிறார். எங்கள் குடும்ப வருமானம் 70,000 டொலருக்கும் குறைவு. அந்தக் காப்புறுதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பல் காப்புறுதி இல்லாதவர்களுக்கான மத்திய அரசின் கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? அத்துடன், அதே திட்டத்தில் இருக்கும் என் அக்காவிடம் பல் வைத்தியர் மேலதிகப் பணம் கேட்டது முறைதானா?

கணக்காளன்:
முடியாது, சகோதரி. காப்புறுதியைப் பயன்படுத்துகிறீர்களா என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அதைப் பெறும் வாய்ப்பு உங்களுக்கு உண்டா என்பதையே பார்க்கிறார்கள். தொழில் வழங்குநர் பல் காப்புறுதி வழங்கினாரா என்பது வரித் தாக்கலுக்காகத் தொழில் வழங்குநர் தரும் ரி4 (T4) சம்பளப் படிவத்தின் 45-ஆம் கட்டத்தில் பதிவாகிவிடும். கணவரின் வேலை வழியாக உங்களுக்கும் அந்த வாய்ப்பு இருந்தால் நீங்களும் விலக்கப்படுவீர்கள். ஓய்வூதியத்தோடு வரும் பல் காப்புறுதியிலிருந்து 2023 டிசம்பர் 11-க்கு முன்பே விலகி, மீண்டும் சேர வழியில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு.

வடலி:
கணக்காளன் சொன்ன விதி சரிதான், ஆனால் அது நியாயமான விதி என்று நான் ஏற்கமாட்டேன். காப்புறுதி உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டால் நிறுவனங்கள் தங்கள் காப்புறுதியைக் கைவிட்டு முழுச் சுமையையும் அரசின் தலையில் கட்டிவிடும் என்ற அச்சம் பொய்யானதல்ல. ஆயினும் ஒரு காப்புறுதி எவ்வளவு தருகிறது என்று பாராமல், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதால், குறைந்த சம்பளமும் பெயரளவுக் காப்புறுதியும் உள்ள தொழிலாளி, காப்புறுதியே இல்லாதவரை விடக் கீழான நிலைக்குத் தள்ளப்படுகிறார். குறைந்தபட்சம் இவ்வளவு தந்தால்தான் அது காப்புறுதி என்று ஓர் எல்லையை வகுத்து, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மிகுதியை அரசு ஈடுசெய்திருக்கலாம். இந்தச் சிக்கலின் வேர் 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது: மருத்துவமனையில் செய்தே ஆக வேண்டிய பல் அறுவைச் சிகிச்சையை மட்டும் அது பொதுக் காப்புறுதிக்குள் கொண்டுவந்து, மற்றெல்லாப் பல் சிகிச்சையையும் வேலைத்தலத்திடமும் சொந்தப் பணத்திடமும் விட்டுவிட்டது. பல்வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் வலி மாத்திரையும் அன்ரிபயோட்டிக்கும்தான் கிடைக்கும்.

பல்லாண்டு:
அக்காவின் விடயத்துக்கு வருகிறேன். திட்டத்துக்கென்று தனிக் கட்டண அட்டவணை உண்டு. வைத்தியரின் கட்டணம் அதைவிடக் கூடினால் வித்தியாசத்தை நோயாளியிடம் அறவிட அனுமதி இருக்கிறது. 70,000-க்குக் கீழ் குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு இணைக்கட்டணம் (நோயாளி கட்ட வேண்டிய பங்கு) இல்லை, 80,000-க்குக் கீழ் 40 சதவீதம், 90,000-க்குக் கீழ் 60 சதவீதம் என்பது அந்த அட்டவணைத் தொகைக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே, திட்டம் எவ்வளவு தரும், தன் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பல்லின் மேல் பொருத்தும் கிரவுன் போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வரி தாக்கல் செய்திருக்காவிட்டால் புதுப்பிக்க இயலாது.

உங்கள் கணவர் பல்லைப் பிடுங்கும் முன், ரொறன்ரோ பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் சிகிச்சை நிலையத்தில் விசாரிக்கட்டும். அங்கே மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் பல் மிஞ்சக்கூடும்.