புதுப்பிப்பு: உவர்ப்புக் கோட்டில் வந்த முட்கள்

சென்னைக்கு வெளியே படகிலிருந்து கையால் இறக்கும் சின்ன சிடிடி கருவியில் (கடல்நீரின் மின்கடத்துத்திறன், வெப்பம், ஆழம் அளப்பது), வெப்பம் சட்டென்று குறையும் ஆழத்தில் உவர்ப்புக் கோடு (ஆழத்தோடு உவர்ப்பு மாறுவதைக் காட்டும் வரைகோடு) முள்முள்ளாக வருகிறது, சென்சார் போய்விட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். சென்சார் நன்றாகவே இருக்கிறது.

"ஏற்றும்போது எடுத்த தரவையும் போட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் வழி காட்டியது. இறக்கும்போது முள் குறைவான உவர்ப்பைக் காட்டுகிறது, ஏற்றும்போது அதே இடத்தில் கூடுதலாக. கருவி உவர்ப்பை நேராக அளப்பதில்லை. மின்கடத்துத்திறன், வெப்பம், அழுத்தம் மூன்றிலிருந்தும் கணக்கிடுகிறது. ஒரு டிகிரி மாறினால் கடல்நீரின் கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் மாறும். எங்கள் கருவியில் கடத்துத்திறன் உடனே மாறிவிடுகிறது, வெப்பமானி கொஞ்சம் பிந்துகிறது. அதனால் இறக்கும்போது நீர் இன்னும் சூடு என்று எடுத்துக்கொண்டு உவர்ப்பைக் குறைத்துக் கணக்கிடுகிறது, ஏற்றும்போது கூட்டி. அரை டிகிரி பிந்தினாலே உவர்ப்பில் கிலோ நீருக்கு 0.3 கிராம் உப்பு அளவுக்குத் தவறு. வங்கக்கடலில் ஆற்று நீரால் மேலடுக்கின் உவர்ப்பு குறைவு என்பதால், இந்தப் பொய் முள்ளை நிஜ நன்னீர் அடுக்கு என்று நம்பிவிடுவது ரொம்பச் சுலபம்.

சரி, செய்தது இதுதான்: வெப்பத் தரவை ஒரு நொடிக்கும் குறைவாக முன்னே நகர்த்தினோம், கயிற்றை ஒரே சீராக, மெதுவாக விட்டோம். முட்கள் பெரும்பாலும் போய்விட்டன. முதல் சில மீட்டரில் இருந்த கிறுக்கலுக்குக் காரணம் வேறு, கடத்துத்திறனை அளக்கும் குழாயில் (செல்) சிக்கிய காற்றுக்குமிழி. இப்போது மேற்பரப்புக்குக் கீழே கொஞ்ச நேரம் ஊறவிட்டுத்தான் இறக்குகிறோம்.

அப்புறம், அதே கருவியின் ஆக்சிஜன் கோடு இன்னும் சரியாகவில்லை. அந்த சென்சார் வெப்பமானியைவிடவும் மந்தம்.